வேலூரில் வீட்டு வேலைக்கு வருபவருக்கு எந்தக் கணக்கும் இல்லாமல் கையில் சம்பளம் தருகிறோம். பின்னால் சிக்கல் வருமா?

ரொக்கமாகக் கொடுப்பது தப்பில்லை. பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதி) 20 பேர், இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 10 பேர் வேலை செய்ய வேண்டும் என்ற கணக்கெல்லாம் ஒரு வீட்டுக்குப் பொருந்தாது. கொடுத்ததற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாததுதான் சிக்கல்.

பெரும்பாலும் தகராறு ஆரம்பிப்பது அட்வான்ஸில். மகள் கல்யாணத்துக்கு 30,000 கொடுத்து, மாதம் 2,000 பிடிப்பதாகப் பேசியிருப்பீர்கள். நடுவில் தீபாவளிக்கு 3,000 வாங்கியிருப்பார். உடம்பு முடியாத மாதம் பிடித்திருக்க மாட்டீர்கள். எட்டாவது மாதம் பாக்கி எவ்வளவு என்றால் ஆளுக்கொரு தொகை வரும். அந்த நேரத்தில் "கடனை அடைச்சுட்டு வேற வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வேலை வாங்குவது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. சட்டத்துக்குச் செங்கல் சூளையும் ஒன்றுதான், வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் வீடும் ஒன்றுதான்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, சம்பளம், கொடுத்த முன்பணம், பிடித்தது, பாக்கி என்று ஐந்து கட்டம். மாதாமாதம் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் மட்டும் போட்டால், பிறகு நீங்களே தொகையைச் சேர்த்து எழுதியதாகப் பேச்சு வரும். அந்தப் பக்கத்தை அவர் போனிலேயே படம் எடுத்துக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் போட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது விபத்து. ஸ்டூல் போட்டு ஃபேன் துடைக்கும்போது விழுந்தால் இ.எஸ்.ஐ. இல்லாதவருக்குத் தனியார் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கைக்காசுதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். விழுவதற்கு முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். வங்கியில் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு (பிரதமரின் சுரக்ஷா பீமா) தனி. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் தரும், மருத்துவச் செலவு தராது. மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் காப்பீடு அறுந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. அதை நீங்களே போட்டுவிடலாம்.

வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் இதன் வழியாகத்தான். எப்போதிலிருந்து உங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதித் தரும் தாள் அங்கே கைகொடுக்கும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்க வேண்டாம்: வாலாஜாவிலிருந்து காட்பாடிக்கு வேலைக்கு வருபவர் ராணிப்பேட்டை தொழிலாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

சம்பளத்துக்கும் அரசு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. தெருவில் மற்றவர்கள் கொடுப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல், நடப்பு ஆண்டுக்கான தொகையைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடப் பிள்ளை பாத்திரம் தேய்க்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். 14 வயது நிரம்பாதவரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை. அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடிப்பீர்கள் என்ற பயத்தில்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள்.