சலாவுக்கு விருது, பர்னுக்கு கப்

கேள்வி: 2024-25 சீசன்ல இங்கிலாந்து ஃபுட்பால் விருது எல்லாத்தையும் லிவர்பூல் டீம் முகமது சலாவே வாரிக்கிட்டாரு. ஆனா நியூகாசில்கிட்ட தோத்த லீக் கப் ஃபைனல்ல ஆளையே காணோம். கப் ஜெயிச்சவங்கள கண்டுக்காத விருது எதுக்கு சார்?

பதில்: ஒரு ஞாயித்துக்கிழமைய வச்சு ஒரு வருஷ உழைப்ப தள்ளிட்டீங்களே. லீக்ல 29 கோல், 18 அசிஸ்ட் (அடுத்தவர் கோல் அடிக்க குடுத்த பாஸ்), ஆக 47. 38 மேட்ச் சீசன்ல இதுக்கு முன்னாடி யாரும் இவ்வளவு எடுத்ததில்ல. பத்திரிகைக்காரங்க ஓட்டுல கிட்டத்தட்ட 90 சதவீதம் அவருக்குத்தான் விழுந்துச்சு, கூட ஆடுற பிளேயர்ஸ் போட்ட ஓட்டுலயும் அவர்தான், பிளேயர்ஸ் குடுக்கிற அந்த விருத மூணு தடவ வாங்கின ஒரே ஆளும் அவர்தான்.

மார்ச் 16 வெம்ப்ளில அவர் கோல் பக்கம் ஒரு ஷாட்கூட அடிக்கல, அது உண்மை. ஆனா அதுக்கு காரணம் நியூகாசிலோட லிவ்ரமெண்டோ, ரைட் கால்காரர், இடது பக்க டிஃபென்ஸ்ல (லெஃப்ட் பேக்) நின்னு சலாவ திரும்பவே விடல, அத பாராட்டுங்க, அத விட்டுட்டு சலாவ ஏன் திட்டணும்?

கப் ஃபைனலோட அழகே வேற. நியூகாசிலுக்கு ட்ரிப்பியர் கார்னர் அடிக்கிறாரு, எல்லாரும் கோல் முன்னாடி முண்டியடிக்க அவங்க டிஃபெண்டர் டான் பர்ன் மட்டும் பின்னாடி பெனால்டி ஸ்பாட் பக்கம் தள்ளி நிக்கிறாரு, ரெண்டு மீட்டர் உயரம், லிவர்பூல் அவர பாத்துக்க விட்டது அவர விட ரொம்பக் குள்ளமான மக் அலிஸ்டர, அங்கேர்ந்து தலையால முட்டுனது நேரா தூர மூலைக்குள்ள போச்சு. பக்கத்து ஊரு பிளைத்ல பொறந்த நியூகாசில் ரசிகர், 11 வயசுல அதே கிளப் வேணாம்னு அனுப்பிச்ச பையன், இங்கிலாந்து டீம்ல மொத தடவ பேர் வந்ததே ஃபைனலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, 32 வயசுல. நியூகாசில் 2-1. 1955க்கு அப்புறம் அந்த ஊருக்கு பெரிய உள்நாட்டு கப் அப்பத்தான். இதுக்கு எந்த விருத குடுத்து ஈடு கட்டுவீங்க?

மே 17 எஃப்.ஏ. கப்பும் அப்படித்தான். 16வது நிமிஷத்துல கிரிஸ்டல் பேலஸ் டீமுக்கு எஸே கோல், அப்புறம் சிட்டியோட மர்மூஷ் அடிச்ச பெனால்டிய பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் பாஞ்சு தட்டுனாரு, மான்செஸ்டர் சிட்டி கடைசி வரைக்கும் முட்டிப் பாத்தும் 1-0தான். 1990லயும் 2016லயும் இதே ஃபைனல்ல மான்செஸ்டர் யுனைடெட்கிட்ட தோத்துட்டு வெறுங்கையோட திரும்புன பேலஸுக்கு இதுதான் மொத பெரிய கப். அன்னிக்கு அழுத ரசிகர் யாரும் விருது லிஸ்ட்ல நம்மாளு பேர் இருக்கான்னு தேடியிருக்க மாட்டாங்க.