ஜப்பானில் பேரிடர் வந்தால் குடும்பத்தோடு கொஞ்ச காலம் ஊருக்குப் போய் வரலாமா? கேள்வி பதில்

2024 புத்தாண்டு அன்று இஷிகாவா மாகாணத்து நோத்தோவில் பூமி ஆடியது, அதே வருடம் ஆகஸ்டில் மியாசாகி பக்கம் 7.1 அளவு நிலநடுக்கம் வந்து, 'நன்காய்' என்ற கடலடிப் பள்ளத்தில் பெருநிலநடுக்கம் வரலாம், கவனம் என்ற அறிவிப்பு முதல்முறையாக விடப்பட்டது. அதிலிருந்து இங்குள்ள நம் குடும்பங்கள் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். 2011 மார்ச்சில் பெரும் நிலநடுக்கமும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் நடந்தபோது நாங்கள் டோக்கியோ நிஷிகசாயில் இருந்தோம், பிள்ளைகளோடு கிளம்பிப் போய்த் திரும்பி வந்தோம். அதனால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அவசரமாகக் கிளம்பினால் விசா போய்விடுமா? 2011-இல் பலர் அப்படி இழந்ததாகச் சொல்கிறார்களே?

போகாது, ஆனால் விமான நிலையத்தில் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. 2011-இல் இருந்த சட்டப்படி கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி (திரும்பி உள்ளே வரும்) அனுமதி வாங்க வேண்டும், ஒரு தடவைக்கு 3000 யென், பல தடவைக்கு 6000. அதற்காக ஷினகாவா குடிவரவு அலுவலகத்தைச் சுற்றி வரிசை வளைந்து வளைந்து நின்றது, கைக்குழந்தையோடு நின்றவர்களும் உண்டு. அது வாங்காமல் பறந்தவர்களுக்கு விசா அத்தோடு முடிந்துபோனது. 2012 ஜூலை 9 முதல் அந்த அலைச்சல் இல்லை. ரெசிடென்ஸ் கார்டைக் காட்டி, புறப்பாட்டு அட்டையில் 'தற்காலிகமாகப் போகிறேன், திரும்பி வருவேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும், ஒரு வருடத்துக்குள் வரலாம். அதிகாரியிடம் 'மினாஷி சாய்ன்யூகோகு' (தனி அனுமதி வாங்காமலே திரும்பி வரும் இந்த வழியின் ஜப்பானியப் பெயர்) என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கும் தனித்தனி அட்டை, தனித்தனி டிக். பதற்றத்தில் தவறுவது அங்கேதான்.

அந்த ஒரு வருடத்தை வெளிநாட்டிலிருந்து நீட்டிக்கவே முடியாது. திரும்பும் தேதி நிச்சயமில்லை என்றால், முன்கூட்டியே முறையான ரீ-என்ட்ரி அனுமதி வாங்கிப் போவதுதான் நல்லது.

கேள்வி: என் விசா இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. ஊரில் இருந்தபடியே புதுப்பிக்கலாமா?

முடியாது. ஒரு வருடக் கணக்கெல்லாம் விசா முடியும் நாள்வரைதான். அதற்கு முன் ஜப்பானுக்குள் இருக்க வேண்டும். விட்டுவிட்டால் சிஓஇ-யிலிருந்து, அதாவது புது விசாவுக்கு முதலில் வாங்கும் தகுதிச் சான்றிதழிலிருந்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: கம்பெனியிடம் எப்படிச் சொல்வது? வேலையை விட்டு ஓடியதாக நினைப்பார்களோ என்று உறுத்துகிறது.

இந்த உறுத்தல் எனக்கும் இருந்தது. 2011 மார்ச் 23 அன்று டோக்கியோவின் கனமாச்சி நீர் நிலையத்துத் தண்ணீரில் அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று அறிவித்தார்கள், கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. மறுநாளே 79-க்கு இறங்கிவிட்டது, அயோடினின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 8 நாள்தான் என்பதெல்லாம் பின்னால் புரிந்தது. பால் கரைக்க வேண்டிய தாய்க்கு அன்றைக்கு அந்த 210 மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதைத் துரோகம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். போனது யார் மனதையும் அவ்வளவாகப் புண்படுத்தவில்லை, சொல்லாமல் போனதுதான் புண்படுத்தியது. மேலாளர், பிள்ளையின் வகுப்பாசிரியர், பக்கத்து வீட்டுப் பாட்டி, மூன்று பேரிடமும் எங்கே போகிறோம், எப்போது செய்தி தருவோம் என்று சொல்லுங்கள்.

கம்பெனியிடம் விடுப்பை எழுத்தில் வாங்குங்கள், இது மரியாதைக்காக மட்டும் இல்லை. வேலை விசாவில் இருப்பவர் தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதம் அந்த வேலையைச் செய்யாமலிருந்தால் விசாவை ரத்துசெய்யச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தக் கடிதம்தான் உங்கள் காரணம்.

கேள்வி: நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) விண்ணப்பத்துக்குப் பாதிப்பு வருமா?

நீண்டநாள் தங்கினால் வரலாம். தொடர்ந்து 10 வருடம் வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இத்தனை நாள் போனால் முறிந்தது என்று சட்டத்தில் எண் இல்லை, ஆனால் ஒரே தடவையில் மூன்று மாதத்தைத் தாண்டினால் கேள்வி எழும் என்றுதான் விசா விண்ணப்ப வேலை செய்துதருபவர்கள் சொல்வார்கள். பேரிடர் நேரத்துக் காகிதங்களை எல்லாம் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: இஷிகாவாவில் இருக்கிறோம். வாடகை வீடு விரிசல் விட்டுவிட்டது. இப்போதே கிளம்பலாமா?

கிளம்புங்கள், ஆனால் பொருளை ஒதுக்குவதற்கு முன் வீட்டை நான்கு பக்கமும் உள்ளேயும் படம் எடுங்கள். நகராட்சியில் 'ரிசாய் ஷோமெய்ஷோ' என்ற சேதச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, வரிச்சலுகை எல்லாம் அதை வைத்துத்தான். வாடகை வீடு ஆயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், அரசின் வாழ்வு மறுசீரமைப்பு உதவித்தொகை குடியிருந்த குடும்பத்துக்குத்தான், வீட்டுக்காரருக்கு அல்ல. வெளிநாட்டவருக்கும் உண்டு.

கதவைப் பூட்டும் முன் கரண்ட் பிரேக்கரை இறக்கிவிட்டு, கேஸையும் மூடுங்கள். 1995 கோபே நிலநடுக்கத்தில் மின்சாரம் திரும்பி வந்தபோது பிடித்த தீ ஏராளம்.

கேள்வி: கைச்செலவுக்கு நென்கின் (ஜப்பான் ஓய்வூதியம்) கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா?

திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் தொடவே தொடாதீர்கள், வாங்கிவிட்டால் கட்டிய வருடங்கள் கணக்கிலிருந்து போய்விடும். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தப்படி இரு நாட்டு வருடங்களையும் சேர்த்துப் பார்க்கலாம், அந்த வசதியும் அந்த வருடங்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: எப்போது திரும்புவது என்று எப்படி முடிவுசெய்வது?

ஊரில் டிவி பார்த்து முடிவெடுக்காதீர்கள், அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். உங்கள் நகராட்சி இணையதளம் என்ன சொல்கிறது, தண்ணீர் வருகிறதா, பள்ளி திறந்துவிட்டதா, இதைப் பாருங்கள். குடும்பமாக வரத் தயக்கமாக இருந்தால் ஒருவர் முதலில் வந்து வீட்டைத் திறந்து இரண்டு வாரம் இருந்து பார்க்கட்டும், மற்றவர்கள் பின்னால் வரலாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம்.