எலும்புக்கு வேறு வேலை இல்லையா?

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் மாட்டியிருக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்த என் மகன், "எலும்பு நம்மை நிமிர்த்தி நிறுத்துவதோடு சரி, வேறு வேலை இல்லை" என்கிறான். அப்படியா? பிறந்த குழந்தைக்கு நம்மைவிட எலும்பு அதிகம் என்பதும் உண்மையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்த காலம் முழுக்க, முதலாண்டு மாணவர்களிடம் நான் மல்லுக்கட்டியது இந்த எண்ணத்தோடுதான் அம்மா. காய்ந்து வெளுத்த எலும்பையே கையில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு, உயிருள்ள உடம்பில் அது ஈரமாக, ரத்த ஓட்டத்தோடு இருக்கிறது என்பது மனதில் பதிவதே இல்லை.

இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்புகளுக்குள் இருக்கும் சிவப்பு மஜ்ஜைதான் ரத்தம் பிறக்கும் இடம். வளர்ந்த ஒருவருக்கு அங்கே விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உண்டாகின்றன. ரத்தப் புற்றுநோய் சந்தேகம் வந்தால் இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுப்பது இதனால்தான்.

கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம் சின்ன விஷயமில்லை. ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்தால் தசைகள் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பே தடுமாறும். அப்படி ஆகிவிடாமல், தைராய்டை ஒட்டியிருக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடவைக்கின்றன. சாப்பாட்டில் சரியாகக் கிடைக்காதபோது இந்தச் சேமிப்பில்தான் உடம்பு கைவைக்கும்.

மகனுக்கு ஒன்று செய்து காட்டுங்கள். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சதை ஒட்டாமல் கழுவி, ஒரு பாட்டிலில் வினிகர் ஊற்றி ஊறப்போடுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் போல ஆனதும் எடுத்தால் ரப்பர் மாதிரி வளையும். கால்சிய உப்பு கரைந்துபோய், கொலாஜன் என்ற புரத நார் மட்டும் மிஞ்சியிருக்கும். உப்பு கடினம் தருகிறது, நார் முறியாமல் காக்கிறது.

அப்புறம் அந்தக் குழந்தைக் கணக்கு. உண்மைதான். பிறக்கும்போது ஏறக்குறைய 300 துண்டுகள், பெரியவர்களுக்கு 206. இடுப்புக்குப் பின்னால் தனித்தனியாக இருக்கும் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாகிவிடுவதுபோலப் பல இடங்களில் நடக்கிறது. வளரும் பையனின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முனையருகே ஓர் இடைவெளி தெரியும். முறிவோ என்று பயந்துவிடாதீர்கள். அது குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு. அது மூடும்வரை உயரம் கூடும்.