கொழும்பில் பந்து ஆட வந்த தம்பிக்கு

சென்னையிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து இரண்டு வாரம் ஆகிறது, வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறேன், சாயங்காலம் கால்பந்து ஆட எங்கே போகலாம், நம்ம இந்தியப் பையன்கள் சேர்ந்து ஆடும் குழு உண்டா, வாடகை, சாப்பாடு எல்லாம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய் தம்பி. வாடகையும் சாப்பாடும் உன் பக்கத்து அறைக்காரரே சொல்லிவிடுவார். பந்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் வியாசர்பாடிக்காரன். சென்னையின் எஃப்சி கால்பந்துக் கழகத்துக்கு ஆடிய தனபால் கணேஷ் எங்கள் ஏரியாப் பையன். 2007-ல் இதே கேள்வியோடுதான் நானும் இங்கே வந்தேன். பதில் சொல்ல அன்று யாரும் இல்லை.

முதல் விஷயம் பாஸ்போர்ட். பந்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதே. நான் முதலில் சேர்ந்த இடத்தில் "பத்திரமா இருக்கட்டும்" என்று என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். நானும் கொடுத்துவிட்டேன். அப்போது போர்க்காலம், ஊர் முழுக்க சோதனைச் சாவடி. ஒரு நாள் வேலை முடிந்து கொம்பனித்தெருப் பக்கம் நடந்து போனபோது ஒரு சந்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்தேன். ஒருவனுக்குக் கால் சுளுக்க, என்னைக் கூப்பிட்டார்கள். இருட்டும்வரை ஆடினேன். திரும்பும் வழியில் சாவடியில் நிறுத்தினார்கள். அரைக்கால் சட்டை, வியர்வை, கையில் ஒரு காகிதம் இல்லை, வாயில் தமிழைத் தவிர வேறு பேச்சில்லை. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பத்து மணி ஆயிற்று. சந்துப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறான். அன்று எனக்கு எதிர் அணியில் கோல் காத்த மலாய் இனத்து அண்ணன் கட்டிய சாரத்தோடு, அதாவது லுங்கியோடு, வந்தார். அவரிடம் நான் அதுவரை நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதில் இரண்டு வார்த்தை மட்டும் இன்றும் காதில் நிற்கிறது: "அபே கொல்லெக்." எங்கள் பையன் என்று அர்த்தம். அடுத்த நாள் காலையில் முதல் வேலையாகப் போய் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கினேன். இன்று சாவடிகள் இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே. நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த இந்தியக் குழு. இருக்கிறது. மணிக்கணக்கில் காசு கட்டி, விளக்கு போட்ட செயற்கைப் புல்லில் ஆடுவார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்தக் கம்பி வலைக்கு வெளியே ஒருவரைத் தெரியாது, சிங்களத்தில் "ஸ்துதி", அதாவது நன்றி, தாண்டி ஒரு சொல் வராது, ஊரைப் பற்றிக் குறை மட்டும் சொல்லத் தெரியும். எனக்கு அது பிடிக்காது. நீ வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் பந்து ஆடி வளர்ந்தவனாக இருந்தால் உனக்கும் பிடிக்காது.

இங்கே நிஜமான ஆட்டம் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, மருதானை, கொம்பனித்தெரு பக்கங்களில் இருக்கிறது. நெருக்கமாக வீடுகள் இருக்கும் பகுதியைச் சிங்களத்தில் "வத்த" என்பார்கள், கொழும்புத் தமிழர்கள் "தோட்டம்" என்பார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு அணி, ஒரு சுவர், ஒரு சட்டம். எங்கள் சந்தில் சுவரும் ஆட்டத்தில் சேர்த்தி. சுவரில் அடித்துத் தனக்கே பாஸ் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கோல் வாங்கிய அணி வெளியே, ஜெயித்த அணி நிற்கும். பந்து கூரைக்குப் போனால் அடித்தவன்தான் அந்த வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும். ஒரே அணியில் தமிழ், சிங்களம், மலாய், முஸ்லிம் பையன்கள் எல்லாரும் இருப்பார்கள். "மச்சான்" என்ற சொல் எல்லாருக்கும் பொது. நீ கால்பந்து என்பதை இங்கே தமிழர்கள் உதைபந்து என்பார்கள், சிங்களவர் பாபந்து என்பார்கள். கோப்பை இங்கே கிண்ணம். நான் இப்போது ஊருக்குப் போனால் என் தங்கச்சி, "என்னண்ணே, கதைக்கிறேன் கதைக்கிறேன்னு சொல்ற" என்று கேட்கிறாள். எனக்கு அதில் பெருமைதான்.

வெறுங்காலோடு நிற்கும் பதினாறு வயதுப் பையனைக் குறைவாக எடை போடாதே. அவன் சாஹிராவிலோ ஹமீத் அல் ஹுசைனியிலோ பெனடிக்டிலோ பள்ளி அணியில் ஆடுகிறவனாக இருக்கலாம். கொம்பனித்தெருவில் ஒரு சந்தின் பெயரையே வைத்துக்கொண்டு ஜாவா லேன் என்ற கழகம் நாட்டின் மேல்நிலை லீகில் ஆடியிருக்கிறது.

எச்சரிக்கைகள் இன்னும் உண்டு. போனதும் "நானும் வரேன்டா" என்று உள்ளே நுழையாதே. நம்ம ஊரில் "டா" பாசம். இங்கே தமிழர்கள் தன்னைவிடச் சின்னவரைக்கூட "நீங்க" என்பார்கள். அறிமுகம் இல்லாத ஒருவரை "டா" போட்டால் அவமரியாதை. சுவரோரம் நில். இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். ஆள் குறையும்போது அவர்களே கூப்பிடுவார்கள். முதல் நாளே ஒருவனின் கால் இடுக்கில் பந்தை விட்டுவிட்டுக் கத்தாதே. ஆம்ஸ்டர்டாமில் சுரினாம் வழிப் பையன்கள் அதற்குப் பன்னா என்று பெயர் வைத்துத் தனிப் போட்டியே நடத்துகிறார்கள். பன்னா விழுந்தால் கோல் கணக்கே வேண்டாம், ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்த அடி எவ்வளவு சுடும் என்று எல்லாத் தெருவுக்கும் தெரியும். பெட் மேட்சுக்குக் கூப்பிட்டால் போகாதே. வேலை விசாவில் வந்தவன் பணம் வைத்து ஆடும் இடத்தில் நிற்கக் கூடாது, சண்டை வந்தால் உனக்காகப் பேச ஆள் இருக்காது.

இதைவிட முக்கியமான ஒன்று. நம்ம ஊரிலிருந்து வரும் சிலர் இரண்டாம் நாளே போரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் வாழ்ந்து வந்தவனுக்கே அதைப் பற்றி வகுப்பு எடுப்பார்கள். ஆட்டம் முடிந்து சோடா குடித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம், என்னோடு வந்த ஒருவர், "உங்க வீட்ல யாராவது செத்தாங்களா" என்று கேட்டார். அவன் போத்தலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். ஒரு மாதம் ஆட வரவில்லை. நீ கேட்காதே. அவர்களாகச் சொன்னால் வாயை மூடிக் கேள்.

இந்தியா என்று கிண்டல் செய்வார்கள், வாங்கிக்கொள். 1995-ல் தெற்காசியக் கிண்ண இறுதி ஆட்டம் இதே கொழும்பில் நடந்தது. கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோல், இந்தியாவை 1-0 என்று இலங்கை ஜெயித்தது. தேநீர்க் கடைப் பெரியவர்கள் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். அதற்கப்புறம் அந்தக் கிண்ணம் இவர்களுக்கு வரவில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இந்த நாட்டுச் சம்மேளனத்தையே தடை செய்தது, ஆகஸ்டில்தான் நீக்கியது. தேசிய அணி ஆட முடியாமல் இருந்த அந்த மாதங்களிலும் எங்கள் சந்தில் ஒரு சாயங்காலம்கூட ஆட்டம் நின்றதில்லை. அதற்கு முந்தைய வருஷம், 2022 ஜூன் கடைசியில் சாதாரண வண்டிகளுக்குப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தினார்களே, அப்போது பெரிய தெருக்களே காலி. வாகனம் வராத தார்ச்சாலையில் செருப்பை கோல் போஸ்ட்டாக வைத்துப் பிள்ளைகள் ஆடியதை நான் பார்த்தேன். அரிசி வாங்கக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

நான் முதல் நாள் ஆடிய அந்தக் கொம்பனித்தெருச் சந்து இப்போது இல்லை. நகர அபிவிருத்தி என்று வீடுகளை எடுத்துவிட்டார்கள். கோல் காத்த அண்ணன் குடும்பத்துக்குத் தெமட்டகொடப் பக்கம் மாடி வீடு கிடைத்தது. அவர் கட்டாருக்குப் போய்விட்டார், மகன் இருக்கிறான். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு தூணுக்கு நடுவே கோல் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி விசில் ஊதியதும் பந்தைத் தூக்கிக்கொண்டு படியேறி, மூன்றாம் மாடி நடைபாதையில் தொடர்ந்தார்கள். அங்கேயும் சுவர் ஆட்டத்தில் சேர்த்திதான். நானும் ஏறிப் போய்ச் சுவரோரம் நின்றேன். கால் மணி நேரம் கழித்து ஒரு சின்னப் பையன் திரும்பிப் பார்த்து, "அங்கிள், கோலுக்கு நிப்பீங்களா?" என்று கேட்டான்.