துடைக்கத் துடைக்கக் கோடு

கேள்வி: கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் துணியால் துடைத்துவிடுகிறேன். ஆனாலும் ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் முன்கண்ணாடியில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. டிரைவர் பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் வேறு. துணி சரியில்லையா?
- தாம்பரம் வாசகர்

பதில்: முதலில் அந்தக் காலைத் துடைப்பை நிறுத்துங்கள். ராத்திரியெல்லாம் படிந்த புழுதியில் பொடிமணல் இருக்கும். அது கண்ணாடியைவிடக் கடினம். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். நான் வாட்டர் வாஷ் கடை போட்ட புதிதில், சக்கரம் கழுவிய பக்கெட்டிலேயே துணியை நனைத்து ஒருவருடைய முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் நூல் நூலாகக் கீறல். புதுக் கண்ணாடிக்கு என் கைக்காசுதான் போனது. அன்றிலிருந்து கண்ணாடிக்குத் தனி பக்கெட், தனித் துணி.

ஆனால், உங்கள் பக்கக் கண்ணாடிக் கீறலுக்குத் துணியைக் குறை சொல்ல மாட்டேன். நேர்க்கோடாக மேலிருந்து கீழே இறங்கினால் அது பெரும்பாலும் பீடிங் ரப்பரின் வேலை. கண்ணாடி இறங்கும் இடத்தில் கதவோடு ஒட்டி ஒரு ரப்பர் இருக்கிறதே, அதன் மடிப்பில் மணல் மாட்டிக்கொள்ளும். டோல்கேட்டில் ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் அதே மணல் அதே இடத்தில் இழுக்கும். பழைய டூத்பிரஷ்ஷை நனைத்து அந்த மடிப்பை வழித்தெடுங்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி மேல் விளிம்பையும் துடையுங்கள். கறுப்பாக ஒரு வரி வரும். கீறலில் நகம் தட்டினால் பாலிஷ் போட்டு எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் காசைக் கொடுக்காதீர்கள்.

சரி, திட்டுக்கு வருவோம். வெளிப்பக்கத்துத் திட்டு போர் தண்ணீர் உப்பு. வெயிலில் கழுவினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிடும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒத்தி வைத்தால் இளகும். பெயிண்டில் வழிந்தால் உடனே கழுவிவிடுங்கள். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிடையாது. ஆர்ஓ கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. அதில்தான் உப்பு இன்னும் அதிகமாக இருக்கும்!

ராத்திரி கண் கூசுவதற்குப் பாதிக் காரணம் உள்பக்கம். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து விடும் ஆவி, எண்ணெய்ப் படலமாகக் கண்ணாடியில் ஏறும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும்: ஒன்று ஈரம், ஒன்று உலர்ந்தது. நாலாக மடித்து, அழுக்கானதும் பக்கம் மாற்றுங்கள். வெளியே மேலும் கீழுமாக, உள்ளே இடவலமாகத் துடைத்தால் மிச்சக் கோடு எந்தப் பக்கம் என்று சட்டென்று தெரிந்துவிடும். பின்கண்ணாடி உள்பக்கத்தில் டீஃபாகர் கம்பி (கண்ணாடியைச் சூடாக்கிப் பனிப்படலத்தைப் போக்கும் மெல்லிய கோடுகள்) ஓடினால் அதன் போக்கிலேயே துடையுங்கள்.

கேள்வி: மைக்ரோஃபைபர் துணியை வாஷிங் மெஷினில் போடலாமா?
- கூடுவாஞ்சேரி வாசகி

பதில்: போடலாம், தனியாக. கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் மட்டும் ஊற்றாதீர்கள். அடுத்த முறை கண்ணாடி முழுக்க வழுவழுவென்று அதுதான் தெரியும்.