எட்டு மாதமும் ஐந்து ஆறும்

அன்புள்ள ஐயா,

கோவையிலிருந்து மாற்றலாகித் தஞ்சாவூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு மலை. வெள்ளியங்கிரி மட்டும் நான்கு முறை ஏறியிருக்கிறேன். இங்கே வந்ததும் பெரிய கோவில் பிராகாரம், சிவகங்கைப் பூங்கா, நாலு வீதி என்று சுற்றினேன். ஒரே மாதத்தில் அலுத்துவிட்டது. எங்கு திரும்பினாலும் தட்டை. ஊரைச் சுற்றி நடப்பதற்கென்று ஒரு இடமும் இல்லையா? பக்கத்தில் ஏறுகிற மாதிரி மலை ஏதாவது உண்டா? எந்த மாதம் நல்லது, எந்த மாதிரி ஷூ வாங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

மலை வேண்டுமென்றால் நார்த்தாமலைக்குப் போங்கள். புதுக்கோட்டை மாவட்டம், பைக்கில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலமலைப் பாறையில் ஏறினால் விஜயாலய சோழீச்சுரம், பக்கத்திலேயே பாறையில் குடைந்த கோயில்கள். சித்தன்னவாசலையும் அதே நாளில் பார்த்துவிடலாம். கோடையில் பகல் பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் நின்றால் உள்ளங்கால் பொரிந்துவிடும். அவ்வளவுதான் மலை.

இனி அந்தத் 'தட்டை'க்கு வருகிறேன். எட்டு மாதம் இருந்திருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு ஆற்றின் பெயர்கூட இல்லை. ஒன்றுகூட! தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு குறுக்கே போகிறது. ஊருக்கு நடுவில் கல்லணைக் கால்வாய் வேறு, எங்கள் ஆட்கள் புது ஆறு என்பார்கள். பெரிய கோவிலுக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அது 1934இல் வந்தது, மேட்டூர் அணை கட்டி முடித்த அதே வருடம். ஏதோ சாக்கடை என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

மேடு இல்லாத ஊர் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் சுவாமிமலையில் மலையையே கட்டி வைத்தார்கள். அறுபது படி, படிக்கு ஒரு தமிழ் வருடம். பிரபவவில் கால் வைத்து அட்சயவில் ஏறி முடிக்கலாம், மூச்சுகூட வாங்காது. கோடியக்கரைக் காட்டிலேயே உயரமான இடம் ராமர் பாதம். எவ்வளவு உயரம் என்கிறீர்கள்? 4 மீட்டர். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் தஞ்சாவூரே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர்தான். அந்தச் சொற்ப உயரத்தைச் சிக்கனமாகச் செலவழித்துத்தான் தண்ணீர் கடல் வரை போயாக வேண்டும். ஒரு சாண் மேடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் வரப்புச் சண்டை நடக்கிற ஊர் இது. இங்கே வந்து தட்டை என்கிறீர்கள்!

எங்கள் மலை, கரைதான். இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் அதுதான். போன வாரம் ஒரு காரியத்துக்காக ஊருக்குப் போனவன், சாயங்காலம் சும்மா வாய்க்கால் கரையில் நடந்தேன். கால் மணி நேரம்கூட நடக்க முடியவில்லை. ஒரு பக்கம் சீமைக் கருவை, தண்ணீர்ப் பக்கம் நெய்வேலிக் காட்டாமணக்கு. பாதை இருந்த இடம் எனக்குத் தெரியும், கால்தான் போகவில்லை. சட்டையில் முள்ளோடு திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் கடிதம், நடக்க இடமே இல்லையா என்று.

என் பெரியப்பா லஸ்கராக இருந்தார். மதகு திறப்பது, மூடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது, இதுதான் லஸ்கர் வேலை. தோளில் மண்வெட்டி, கையில் ஷட்டர் சாவி, ராத்திரி என்றால் டார்ச். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் தினம் கரையில் போவார், வருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடவே ஓடுவேன். ரொம்ப மெதுவாக நடப்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் ஆற்றைப் பார்க்கவே மாட்டார், கரைக்கு வெளிப்பக்கம், வயல் இறங்குகிற சரிவைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பார்.

ஒரு நாள் நின்றுவிட்டார். சரிவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஓட்டை. நண்டு வளை. அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குனிந்து உள்ளங்கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாரு தம்பி. தண்ணி தெளிஞ்சு வந்தா கரைக்கு வேர்க்குதுன்னு அர்த்தம், பயமில்ல. கலங்கி வந்தா உள்ள மண்ணு போகுது. ராத்திரிக்கு உடைச்சுக்கும்."

அன்றைக்கு அவர் கையில் இருந்தது பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. என்னை வைக்கோல் கொண்டுவர விரட்டினார். வைக்கோலைப் பிரி முறுக்கி, களிமண்ணில் புரட்டி, ஆற்றுப் பக்கம் இருந்த வாயில் அடைத்து, மேலே மண்ணைப் போட்டுக் குதிகாலால் மிதித்தார். நானும் மிதித்தேன். அரை மணி நேரம் இருவரும் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தோம் என்று சொல்லலாம்.

கரை மேல் மாடு போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள், களையெடுக்கப் போகிறவர்கள் போவார்கள். கால் பட்டுப் பட்டு மண் இறுகும். ஓட்டை இருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படும், லஸ்கர் காதுக்கு வரும். இப்போது எல்லாரும் தார் ரோட்டில் போகிறார்கள். கரையில் யார் நடக்கிறார்கள்? நண்டும் பெருச்சாளியும்தான். ஒவ்வொரு ஐப்பசியிலும் உடைப்பு, மணல் மூட்டை என்று அல்லாடுகிறோம். மழை ஜாஸ்தி என்கிறார்கள். மழை ஜாஸ்திதான், இல்லை என்று சொல்லவில்லை. என்றைக்கு மழை கம்மியாகப் பெய்தது? நடக்க ஆள் இல்லாத கரை முள்ளுக்குப் போய்விடுகிறது, முள்ளுக்குள் இருக்கிற ஓட்டை யார் கண்ணில் படும்? இதை நான் யாரிடம் சொன்னாலும், சார் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று நழுவுகிறார்கள். நீங்கள் கடிதம் போட்டு மாட்டிக்கொண்டீர்கள்.

எந்த மாதம் என்று கேட்டிருந்தீர்கள். கோடைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. சித்திரையில் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கு. திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சாமி பல்லக்கில் ஊர் ஊராகப் போய் மறுநாள் திரும்பி வரும். ஆறு வறண்டு கிடக்கிற காலம், மணலிலேயே இறங்கி ஏறலாம். சனங்களோடு நடந்து போங்கள். வெயிலைப் பற்றிப் புகார் எழுதாதீர்கள்.

இன்னொன்று, தண்ணீர் வருகிற நாள். மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், எல்லா வருடமும் நடப்பதில்லை. திறந்து மூன்று நான்கு நாளில் கல்லணையைத் திறப்பார்கள். விதை நெல்லும் பூவும் தூவுகிறதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதை விடுங்கள். அப்புறம் சில நாள் கழித்து, ஏதாவது ஒரு கிளை வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வரும்போது போய் நில்லுங்கள். பெரியப்பா மதகைத் தூக்கிவிட்டு என்னை அனுப்புவார். தண்ணீரோடு நட என்பார். முன்னால் சருகும் ஆட்டுப் புழுக்கையும் பழுப்பு நுரையும் ஒரு முழ அகலத்துக்கு உருண்டு வரும். வெடிப்பு ஒவ்வொன்றாகக் குடிக்கும், குடித்ததும் குமிழ் விடும். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறும். பின்னாலேயே கொக்கு. தண்ணீர் நடக்கிற வேகத்தில் நடப்பது ரொம்பக் கஷ்டம். நின்று நின்று போக வேண்டும். ஒரு பள்ளம் வந்தால் அது நிறைகிறவரை நீங்களும் காத்திருக்க வேண்டும்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை. காலை ஐந்தரைக்கு வடவாற்றுப் பாலத்தில் தொடங்கித் திருவையாறு வரை நடங்கள். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் உங்களைக் கரையேற்றிவிடும், அதனால் ஒவ்வொரு பாலத்திலும் இறங்கிக் கரையோடு கிழக்கே போகிறவரை போய்த் திரும்புங்கள். முள் வழிமறித்தால் எந்த ஆறு, எந்தக் கரை என்று எனக்கு எழுதுங்கள். புஷ்ய மண்டபப் படித்துறையில் காலை நனைத்து, கடைத்தெருவில் அசோகா அல்வா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பலாம்.

ஷூ வேண்டாம். வண்டலில் கால் புதைந்தால் கால் மட்டும்தான் வெளியே வரும்.

அன்புடன்.