எண்ணி என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள ஐயா,
சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் இரவில் அட்டை விரித்துப் படுக்கும் பெரியவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் இவர்களை எண்ணி அறிக்கை போட்டு என்ன ஆகப்போகிறது? அந்தக் காசுக்கு ஆளுக்கொரு சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாமே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீடு இருக்கும்போது ஏன் வெளியில் படுக்கவேண்டும் என்பதும் புரியவில்லை.
செல்வி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள செல்வி,

சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் எண்ணுவது வீண் வேலை என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். 2019ல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர் இங் கொக் ஹோ ஏறக்குறைய 480 தொண்டூழியர்களைக் கொண்டு தீவு முழுக்க, ராத்திரி ராத்திரியாக, புளோக் புளோக்காக எண்ணவைத்தார். 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என்று தெரிந்தது. பேசக் கிடைத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் வேலை பார்ப்பவர்கள். ‘சோம்பேறிகள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த என் சித்தப்பா அதற்குப் பிறகு அந்த வார்த்தையை விட்டுவிட்டார் (வேறொன்றைப் பிடித்துக்கொண்டார், அதை விடுங்கள்).

வாடகை வீடு கேட்டீர்களே. தனியாள் என்றால் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், அந்த இன்னொருவரையும் நாமே தேடிப்பிடிக்க வேண்டும் என்பதுதான் பல காலமாக இருந்த விதி. எனக்குத் தெரிந்த காவல்காரர் ஒருவர் இரவுப்பணி முடிந்து காலை எட்டு மணிக்கு ஓரறை வீட்டுக்கு வந்து படுப்பார், கூட இருந்தவர் அப்போதுதான் டிவியை அலறவிடுவார். நடுவில் சுவர் கிடையாது, கம்பியில் தொங்கும் கைலிதான் தடுப்பு. ஒருநாள் சண்டை முற்றிப் பையைத் தூக்கிக்கொண்டு புளோக்குக் கீழேயே வந்து படுத்துவிட்டார். ஏட்டில் அவருக்கு வீடு இருக்கிறது! இந்தப் பிரச்சினையை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். 2021 கடைசியில், வீவக நியமிக்கும் அமைப்பே ஜோடி சேர்த்துவைக்கும் முன்னோட்டத் திட்டம் வந்தது. அறிக்கையால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன், சமூக ஊழியர்களும் சொல்லிச் சொல்லிப் பார்த்தவர்கள்தான்.

அப்புறம், 2021ல் மறுபடி எண்ணியபோது வெளியில் 616 பேர்தான். குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்த 420 பேரையும் சேர்த்தால் 1,036. கொவிட் நேரத்தில் தங்குமிடங்கள் பெருகின, ஆட்கள் உள்ளே போனார்கள், அவ்வளவுதான். சொந்தமாகக் கதவு பூட்டிப் படுக்க இடம் கிடைத்துவிடவில்லை. 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சே ஒரே இரவில் எண்ணியது: 530. அரசாங்கமே இறங்கி எண்ணியது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வெளியில் படுத்தவர்களின் கணக்கு. யாராவது அதை 2019 எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாதியாகிவிட்டது என்றால், தங்குமிடக் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.

தேக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோவதானால் பத்தரைக்கு மேல் போங்கள். அதற்கு முன் கடைக்காரர்கள் மேசை துடைத்துக்கொண்டிருப்பார்கள், இவர்கள் வந்திருக்கமாட்டார்கள்.